இரட்டைப் பட்டை

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். புதன்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு அங்கே வேலை அவசரம், எனக்கோ பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதனால்தான் கடிதம்.

உன் மாவு வண்டின் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தில் மட்டும் மற்ற இடங்களைப்போல இரண்டு மடங்கு படித்தெடுத்த துண்டுகள் வந்து குவிகின்றன என்றாய். ஏதோ பிழை, வடிகட்டி எறிந்துவிடு என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்றாய். எறிவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு, கண்ணு.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை உன்னை லேபுக்குக் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? சாக்கடையிலிருந்து பிடித்து வந்த சிவப்புப் புழு, கைரோனோமஸ் லார்வா. ஓர் ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு இன்னோர் ஊசியால் தலையை மெதுவாக இழுத்தால், கூடவே கண்ணாடி மாதிரி இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வரும். சாயம் விட்டு, கவர் ஸ்லிப் போட்டு, மேலே பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் குரோமோசோம் பிய்ந்துபோகும். அன்று மூன்றாவது ஸ்லைடுதான் சரியாக வந்தது. ஸ்டூல்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, “அம்மா, மரவட்டை மாதிரி பட்டை பட்டையா இருக்கு” என்றாய். 1881-இல் பால்பியானி முதன்முதலில் கண்டதும் இதே புழுவின் இதே பட்டைகளைத்தான். குரோமோசோமின் ஒரே இழை ஆயிரக்கணக்கான பிரதிகளாகப் பெருகி, பிரியாமல் ஒன்றாய்ச் சேர்ந்து கிடப்பதால்தான் நம் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் பட்டைகள் தீர்த்து வைத்த ஒரு வழக்கைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நீ கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள், உன் பாடத்தில் இது வந்திருக்காது.

சாதாரணப் பெண் பழ ஈயின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 780 குட்டிக் கண்கள் இருக்கும். நியூயார்க்கில் மரபியல் அறிஞர் மார்கனின் குழுவினர் ஈ வளர்த்த காலத்தில், கண் ஒடுங்கி, நிறுத்தி வைத்த குச்சிபோல ஆன ஓர் ஈ கிடைத்தது. 1914-இல் டைஸ் என்பவர் அதைப் பற்றி எழுதினார். பெயர் ‘பார்’. தூய பார் பெண் ஈக்குக் குட்டிக் கண்கள் சுமார் 68தான். ஒரு மரபணு கெட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கெட்ட மரபணு அடங்கி இருக்கவில்லை. தூய பார் ஈக்களின் பிள்ளைகளில் சுமார் 1,600-க்கு ஒன்று நல்ல கண்ணோடு பிறந்தது. இன்னும் ஒடுங்கிய கண்ணோடும் சில பிறந்தன.

மார்கன் குழுவில் இருந்த ஸ்டர்டெவன்ட் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். பாருக்கு இரு பக்கமும் அடையாள மரபணுக்களை வைத்துக் கலந்து பார்த்ததில், கண் மாறியபோதெல்லாம் அந்த இடத்தில் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது, நடந்திருந்தது. சட்டையை ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுவிடுவோம் இல்லையா, அதுபோல இரண்டு குரோமோசோம்களும் ஓரிடம் தள்ளிச் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கு அதிகமாகப் போகிறது, மற்றதற்குக் குறைகிறது. இது 1925. பிறகு 1936-இல் அதே குழுவின் பிரிட்ஜஸ், பார் ஈயின் லார்வாவை எடுத்து, நாம் செய்தது போலவே சுரப்பியை நசுக்கிப் பார்த்தார். எக்ஸ் குரோமோசோமில் 16ஏ என்று குறித்த இடத்துப் பட்டைகள் அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தன. எதுவும் கெடவில்லை, இருந்தது இரட்டித்திருந்தது. இன்னும் ஒடுங்கிய கண்ணில் அதே இடம் மூன்று தடவை. ஒரு குரோமோசோமுக்கு இரண்டிரண்டாக நான்கு பிரதி இருந்தால் 68 குட்டிக் கண்கள், அதே நான்கு மூன்றும் ஒன்றுமாக இருந்தால் சுமார் 45. எண்ணிக்கை ஒன்றுதான், அடுக்கியிருப்பதுதான் வேறு. எத்தனையோ வருடம் பாடம் எடுத்தும் இந்த இடம் வந்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

இப்படி ஒரு பிரதி கூடுதலாகக் கிடைத்தால் அதில் ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றது புதிதாக எதையாவது பழகிக்கொள்ளலாம். தேனீயின் ராயல் ஜெல்லியில் இருக்கும் முக்கியப் புரதங்களின் மரபணுக்கள் அப்படித்தான் வந்தன. ‘யெல்லோ’ குடும்பத்து மரபணு ஒன்றிலிருந்து பெருகி, இன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

நம் ஊரை யானைக்கால் ஊர் என்று சொல்ல வைத்த கியூலெக்ஸ் கொசுவின் கதையையும் கேள். கலிஃபோர்னியாவில் எடுத்த ஒரு வகையில், பூச்சிமருந்தைச் செயலிழக்க வைக்கும் எஸ்ட்ரேஸ் மரபணு 250 மடங்காவது பெருகியிருப்பதை 1986-இல் கண்டார்கள். பிரான்சின் தென்கரையில் வேறு மாதிரி நடந்தது. மருந்து குறிவைக்கும் நரம்பு நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் கொசு பிழைத்தது, ஆனால் நொதியின் வேலை மந்தமாகிவிட்டது. 1990-களில் வேறு விதமான கொசு தெரிந்தது. மருந்துக்குத் தாங்கும் பிரதியும் பழைய பிரதியும் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில்! அதை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? தாங்கும் பிரதி, பழைய பிரதி இரண்டும் கொண்ட கலப்புக் கொசுக்கள் கணக்குக்கு மீறி இருந்தன. இரண்டு கலப்புக் கொசுக்கள் சேர்ந்தால் பிள்ளைகளில் பாதிதானே கலப்பாக இருக்க வேண்டும்? இரண்டு பிரதியும் ஒரே குரோமோசோமில் ஒட்டி இருந்தால், பாதிக்கு மேலேயே கலப்பாகத் தெரியும்.

அதைத்தான் நீயும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் உன் வண்டுகள் ஏறக்குறைய எல்லாமே கலப்பாகத் தெரிகிறதா? ஒரு பிரதியின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டிய துண்டு ஒன்றாவது கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் பிழையாகவே இருக்கட்டும், எறிந்துவிடு. ஆனால் பார்த்துவிட்டு எறி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. பேச வேண்டாம். அந்த ஃபைலை மட்டும் தனியே ஒரு காப்பி எடுத்து வை.

அப்புறம், அந்த வரைபடத்தை எனக்கும் அனுப்பு. போனில் சின்னதாகத் தெரிகிறது, அப்பாவின் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிறேன். என் பழைய ஸ்லைடு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த மூன்றாவது ஸ்லைடு இன்னும் இருக்கிறது, சாயம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, பட்டைகள் தெரிகின்றன.

அன்புடன்,
அம்மா