செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மூளை நலமும் தேசியக் கூட்டுறவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, நோயாளிகளைப் பராமரித்துவரும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மறதிநோய், பக்கவாதம், வலிப்பு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று ஆறுதலாக இருக்கவே திருச்சியில் நம் சங்கம் தொடங்கப்பட்டது. அந்தப் பணி மாதக் கூட்டங்களாகவும் வீடு தேடிச் செல்லும் சந்திப்புகளாகவும் இவ்வாண்டும் தடையின்றி நடந்தது. அதனுடன், நாட்டின் மூளை ஆய்வு நிறுவனங்களோடு நம் மாவட்டத்து மக்களுக்கு ஒரு தொடர்பை உண்டாக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழு இட்ட பணியே இவ்வாண்டு நம் உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆகவே அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. பெருநகர மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களை மட்டும் வைத்து ஆய்வு செய்தால், அதிகம் பாதிக்கப்படும் கிராமத்துப் பெண்கள் கணக்கிலேயே வராமல் போவார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இயங்கும் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களுக்கே சென்று பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை மேற்கொண்டிருப்பது இதனால்தான். நம் மாவட்டத்து முசிறிக்கும் துறையூருக்கும் அப்படி ஓர் ஆய்வு வர வேண்டுமானால், அதை வரவேற்று நடத்திக்கொடுக்க உள்ளூரில் ஓர் அமைப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதல் தடை மொழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறதிநோயைக் கண்டறிய உருவாக்கிய சோதனைத் தொகுப்பு, தொடக்கத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை. தமிழில் புழங்கும் வேறு சோதனைகளும் பள்ளிப் படிப்பை எதிர்பார்த்தே அமைந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரி ஒன்றின் நரம்பியல் துறையினர் தங்கள் வினாத்தாளை முதியோரிடம் கேட்டுப் பார்க்க நம் தன்னார்வலர்களின் உதவியை நாடியபோது, இக்குறையை நேரில் கண்டோம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூடமே போகாத மூதாட்டி ஒருவரிடம் இன்றைய தேதி கேட்கப்பட்டது. "நேத்துதானே பெருக்கு, இன்னிக்கு ஆடி பத்தொம்போது" என்று அவர் தயங்காமல் சொன்னார். வினாத்தாளில் ஆகஸ்ட் தேதிக்கு மட்டுமே இடம் இருந்ததால், முறைப்படி அவருக்கு மதிப்பெண் கிடையாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது திகைத்த அவரே, ஐம்பது ரூபாய்க்குப் பதினெட்டு ரூபாய்க் கத்தரிக்காய் போக மீதி எவ்வளவு என்றதும் உடனே சொன்னார். நினைவு தெளிவாக உள்ளவரை நோயாளி என்று பதிவு செய்யும் சோதனையால் ஆய்வுக்கும் பயனில்லை, அந்த அம்மாவுக்கும் பயனில்லை. தன்னார்வலர்கள் தொகுத்தளித்த இத்தகைய குறிப்புகளை அத்துறையினர் ஏற்றுக்கொண்டு வினாக்களைத் திருத்திவருகிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

இரண்டாவது பணி மூளைக் கொடை பற்றிய விழிப்புணர்வு. உறுப்புக் கொடையில் தமிழ்நாடு முன்னணி மாநிலம் என்பதால், மூளையும் அதில் அடக்கம் என்றே பலர் எண்ணுகிறார்கள். மூளையை வேறொருவருக்குப் பொருத்த இயலாது. அது ஆய்வுக்காகவே, குடும்பத்தாரின் தனி ஒப்புதலோடு பெறப்படுகிறது. தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான பெங்களூரு நிமான்ஸில் 1995 முதல் இயங்கும் மனித மூளைத் திசு வங்கி இதற்கென்றே உள்ள தேசிய வசதியாகும். இறந்த சில மணி நேரத்துக்குள் திசு சிதையத் தொடங்கிவிடுவதால், திருச்சியில் இருந்துகொண்டு வெறும் விருப்பத்தைத் தெரிவிப்பது போதாது. மூளையை எடுத்துப் பதப்படுத்தி அனுப்பும் ஏற்பாடு இங்கேயே வேண்டும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தாரணி' என்னும் கருவின் மூளை வரைபடம், 5,132 மெல்லிய வெட்டுகளின் மிக நுணுக்கமான படங்களால் ஆனது. பெரும் துயரத்தின் நடுவிலும் ஒப்புதல் தந்த பெற்றோர் இல்லாமல் இத்தகைய வரைபடம் எதுவும் உருவாகாது. அவர்களுக்கு நம் சங்கத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக்கு வந்த ஆய்வுக் குழு ஒன்று, இரத்த மாதிரியும் குடும்ப வரலாறும் வாங்கிச் சென்றபின் ஒரு வரித் தகவலும் அனுப்பவில்லை. அந்த வீடுகளில் இன்றும் நம் தன்னார்வலர்களை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆகவே, ஆய்வின் முடிவை எளிய தமிழில் எழுதிப் பங்கேற்ற குடும்பங்களுக்குக் கொடுப்பது என்ற நிபந்தனையை ஏற்காத எந்த நிறுவனத்தோடும் இனி இணைந்து செயல்படுவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. அது எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் இந்த முடிவில் மாற்றமில்லை.

தேசிய அளவிலான கூட்டுறவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வேலூரில் 1949இல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவிய பி. ராமமூர்த்தியும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தைச் சென்னையில்தான் உருவாக்கினார்கள். இன்று கர்நாடகத்தில் மாநில அரசும் நிமான்ஸும் நிதி ஆயோக்கும் இணைந்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே பக்கவாதம், வலிப்பு, தலைவலி, மறதிநோய் ஆகியவற்றைக் கண்டறியப் பயிற்சி தருகின்றன. இங்கும் அப்படி ஒரு திட்டம் வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2021 முதல் வீடுதோறும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மறதிநோய்க்கும் பக்கவாதத்துக்கும் காரணிகள் என்பதால், மூளை நலப் பணியை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

உலக மூளை தினமும் உலக அல்சைமர் தினமும் வழக்கம்போல் அனுசரிக்கப்பட்டன.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். மூளைக் கொடைக்கு உள்ளூர் ஏற்பாடு செய்வது குறித்து நிமான்ஸ் திசு வங்கிக்குக் கடிதம் எழுதுவது. கர்நாடகத் திட்டத்தை ஒத்த பயிற்சியைத் தமிழ்நாட்டிலும் தொடங்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் மனு அளிப்பது. ஆய்வு நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் மேற்சொன்ன நிபந்தனையைச் சங்க விதியாகவே சேர்ப்பது. உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்