வீடு தேடிச் செல்லும் செவிலியர்கள் எழுதித் தரும் வீட்டு நிலைக் குறிப்பின் மேல் நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
வீடுகளுக்குச் சென்று வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை அளிக்கும் செவிலியர்கள்,
தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் பகுதிகள்,
வடசென்னை.

பெறுநர்:
மாநகர நல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை – 600 003.

பொருள்: சுகாதாரக் கேடும் ஆபத்தும் உள்ள வீடுகளில் பணிபுரியும் செவிலியர்கள் தரும் குறிப்புகளைப் பெற்று நடவடிக்கை எடுக்கப் பொறுப்பு அலுவலரை நியமித்தல், பணிப் பாதுகாப்பு வசதிகள் செய்து தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், தொண்டு அமைப்புகள் வழியாகவும், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, கொடுங்கையூர்ப் பகுதிகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே சென்று புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும், வலி மருந்தின் அளவைப் பார்ப்பதும் எங்கள் வேலை. மருத்துவமனை வார்டில் எலி ஓடினாலோ கூரை ஒழுகினாலோ யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். எங்கள் வார்டு நோயாளியின் வீடு. அங்கே காண்பதை யாரிடம் சொன்னால் பதில் வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. இத்தகைய வீடுகளுக்குப் போகாமலிருக்க அனுமதி கேட்டு இம்மனுவை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்களில் இம்மனுவை எழுதும் நான் சென்ற மழைக்காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய சந்தில், தரையோடு தரையாக உள்ள ஒற்றை அறை வீடு. நோயாளி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சர்க்கரை நோயும் உண்டு. வால் எலும்பின் மேலுள்ள படுக்கைப் புண்ணுக்கு வாரம் இருமுறை கட்டு மாற்றப் போவேன். ஒருநாள் காலையில் போர்வையை விலக்கியபோது இடது காலின் பெருவிரல் நுனியைக் காணோம். காயத்தின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள் இருந்தன. எலி கடித்திருந்தது. அவருக்கு வலி தெரியாததால் அவர் விழிக்கவே இல்லை. பாயில் ஈரம் படவே அவருடைய மனைவிதான் எழுந்து விளக்கைப் போட்டிருக்கிறார். "டெய்லி நைட்டு கூடையக் கவுத்து காலை மூடி வெக்கிறேன் சிஸ்டர், அதையும் தள்ளிட்டு வந்துடுது" என்றார். காயத்தை சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிக் கட்டுப் போட்டு, ஊசிகளுக்கு ஏற்பாடு செய்தேன். அடுத்த வாரம் போனபோது விரல் ஆறத் தொடங்கியிருந்தது. எலி வளை அதே மூலையில் அப்படியே இருந்தது. இதை நான் வாய்மொழியாகச் சொன்ன இடத்தில் அது வேறு பிரிவின் வேலை என்றார்கள். அந்தப் பிரிவில், கால்வாய் ஓரம் வேறு துறையைச் சேர்ந்தது என்றார்கள். எழுதிக் கொடுக்கப் படிவம் இல்லாததால், நான் சொன்னதற்கு எங்கும் தடமே இல்லை.

இதைப் படிப்பவர்கள் அந்த வீட்டாரைச் சுத்தம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் வருகிற நாளில் பெட்டியிலிருந்து துவைத்த புடவையை எடுத்து நோயாளியின் மேல் விரித்து வைக்கிற குடும்பம் அது. தண்ணீர் லாரி வராத நாளில் அந்தச் சந்தில் ஒரு குடம் தண்ணீர் எத்தனை வேலைக்குப் பங்கு போடப்படுகிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் ஸ்பிரிட் கலந்த கை மருந்து போதாது, சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி வரை கழுவ வேண்டும் என்பது விதி. அதற்காக அந்தக் குடத்திலிருந்து இரண்டு சொம்பு கேட்கும்போது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அடிபம்பில் வருவது சில நாட்களில் சாக்கடை நாற்றம் அடிப்பதால் அதில் கழுவுவதற்கும் மனம் வருவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தோளில் இரண்டு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்து மூன்றாவது மாடி வரை ஏறுகிறோம். மருந்துப் பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைக்கிறோம். மூட்டைப்பூச்சி உள்ள வீட்டில் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு நின்றபடியே வேலையை முடிக்கிறோம். வீட்டிலிருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டவர் முன் உட்காராமல் நிற்பது அவரை எவ்வளவு நோகச் செய்யும் என்பதை எங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

எங்களால் சமாளிக்க முடிகிற இவற்றுக்கு நாங்கள் உதவி கேட்கவில்லை. சமாளிக்க முடியாதவை வேறு. படுக்கைப் புண் வராமல் தடுக்கக் கொடுக்கப்படும் காற்று மெத்தையின் மோட்டாருக்கும், மூச்சுத் திணறுபவருக்கான ஆக்சிஜன் கருவிக்கும் மின்சாரம் தடையில்லாமல் வேண்டும். பிளக் உடைந்துபோன நிலையில், இரண்டு கம்பிகளின் முனையைச் சீவி, சாக்கெட்டில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சி வைத்து அழுத்தியிருப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். மழைத் தண்ணீர் புகும் தரையில் அந்தக் கம்பி கிடக்கிறது. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் கூரைக்கு நேர் கீழே, நகர முடியாத நோயாளி படுத்திருக்கிறார். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தபோது, விரிசலைக் கண்ட மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர்கள் தப்பின. எங்கள் நோயாளிகளால் அப்படி எழுந்து வெளியேற முடியாது. அவர்கள் தலைக்கு மேலுள்ள விரிசலை வாரம் தவறாமல் பார்க்கும் அரசு சார்ந்த ஆள் பெரும்பாலும் செவிலியர் ஒருவர்தான்.

ஆகையால் எங்கள் முதன்மைக் கோரிக்கை, ஒரே பக்கத்தில் அடங்கும் 'வீட்டு நிலைக் குறிப்பு' என்ற படிவம் வேண்டும் என்பதே. எலி, கழிவுநீர்க் கலப்பு, மின்கம்பி, கூரை, படிக்கட்டு ஆகியவற்றில் செவிலியர் கண்டதை எழுதி, வீட்டாரின் சம்மதத்துடன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால், அங்கே எண்ணிட்டுப் பதிந்து, மாநகராட்சி சார்ந்ததைத் துப்புரவு ஆய்வாளருக்கும் பொறியாளருக்கும், மற்றவற்றைக் குடிநீர் வாரியம், மின்வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புவதற்கு மண்டலத்துக்கு ஒருவர் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். 1913 என்ற புகார் எண் இருப்பதை அறிவோம், பயன்படுத்தியும் இருக்கிறோம். ஆனால் தெருவிளக்கையும் குப்பையையும் சொல்லும் அதே வரிசையில், படுத்த படுக்கையாக இருப்பவரின் காலை எலி கடிப்பதும் நிற்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். எடுத்த நடவடிக்கை, அல்லது எடுக்க முடியாததற்கான காரணம், எழுத்தில் எங்களுக்குத் திரும்பி வர வேண்டும். இக்குறிப்பைக் காட்டி எந்தக் குடும்பத்தையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதையும் படிவத்திலேயே அச்சிட வேண்டுகிறோம். அந்த உறுதி இல்லாவிட்டால் அடுத்த முறை எங்களுக்குக் கதவு திறக்காது.

இரண்டாவது, ஊசி. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஊசியைப் பால் கவரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். அது மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில் குத்துகிறது. பயன்படுத்திய ஊசிகளை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. துளைக்க முடியாத பெட்டிகளை எங்கள் வழியாக வீடுகளுக்குக் கொடுத்து, நிரம்பியதும் திரும்பப் பெற வழி செய்யலாம். எங்கள் கையில் குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை 2 மணி நேரத்துக்குள், தவறினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் அது எங்கே கிடைக்கும் என்ற விவரம் எங்கள் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும். எல்லோருக்கும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும், சன்னல் இல்லாத அறையில் காசநோயாளியைப் பார்ப்பதற்கு என்95 முகக்கவசமும் தர வேண்டுகிறோம்.

மூன்றாவதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். எங்கள் சக செவிலியர் ஒருவர் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு வந்த உறவினர் உள்பக்கம் தாழிட்டார். செவிலியர் தம் பையை அங்கேயே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டியதால் வெளியே வந்தார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பணி நிமித்தம் செல்லும் இடத்தையும் பணியிடம் என்றே கொள்கிறது. எனவே முதல் முறை செல்லும் வீட்டுக்கும், முன்பு தொல்லை நடந்த வீட்டுக்கும் இருவராகச் செல்லவும், அன்றைய வீடுகளின் வரிசையை மையத்தில் ஒருவர் வைத்திருந்து, குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் தேடி வரவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கு இதனால் குறையும்; அதையும் ஆணையிலேயே குறிப்பிட்டால்தான் பிறகு எங்களிடம் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

படிவத்தின் மாதிரி ஒன்றை நாங்களே தயாரித்து இணைத்திருக்கிறோம். ஏதேனும் ஒரு மண்டலத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்க்க அனுமதித்தால், பதிவேட்டுடன் நேரில் வந்து விவரம் சொல்லத் தயாராக இருக்கிறோம். வீடுகளுக்குச் செல்லும் வேலை பிற்பகல் 3 மணிக்கு முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு எந்த நாளில் அழைத்தாலும் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீடு தேடிச் செல்லும் செவிலியர்கள், வடசென்னை

இணைப்பு: வீட்டு நிலைக் குறிப்பு மாதிரிப் படிவம் – 1 பக்கம், கையொப்பப் பட்டியல் – 1 பக்கம்.