மலையை அறுத்த இஸ்கர்

அன்புள்ள சகுந்தலா,

பேரன் பிறந்த சேதி கேட்டு இங்கே எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம். மூக்கு உன் வீட்டுக்காரர் மூக்குதான், நீ என்ன சொன்னாலும் சரி. போட்டோவைப் பார்த்து என் மருமகளும் அதையே சொன்னாள்.

ரிட்டயர் ஆகியும் பூகோள டீச்சர் புத்தி உன்னை விடவில்லை. நாங்கள் இருக்கிற பல்கேரியத் தலைநகர் சோபியாவில் ஆறு உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு, பெயர் இஸ்கர். ஆனால் நகரத்து நடுவில் தேடினால் கிடைக்காது. கிழக்கு ஓரமாக, விமான நிலையத்தை ஒட்டி ஓடிவிடுகிறது.

அட்லஸை எடுத்து வைத்துக்கொள். சோபியாவுக்குத் தெற்கே ரிலா மலை. பால்கன் தீபகற்பத்திலேயே உயர்ந்த சிகரமான முசாலா (2,925 மீட்டர்) அங்கேதான். மரிட்சா, மெஸ்தா, இஸ்கர் மூன்றுக்கும் அந்த மலையே பிறந்த வீடு. முதல் இரண்டும் ஏஜியன் கடலுக்குப் போக, இஸ்கர் மட்டும் வடக்கே கிளம்புகிறது. அங்கே கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது பால்கன் மலைத்தொடர். அதைத் தெற்கிலிருந்து வடக்காக அறுத்துக்கொண்டு போகிற ஆறு இது ஒன்றுதான். மலை எழும்புவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடியது, மலை உயர உயர இது அறுத்துக்கொண்டே வந்தது என்று ஒரு கட்சி. வடபக்கத்து ஓடை ஒன்று பின்னோக்கி அரித்து வந்து சோபியா சமவெளித் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. காரணம் கேட்காதே, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தாக்கு வழியாக ரயிலில் போனோம். 1897-இல் திறந்த பாதை. ஆறு வளைகிற இடத்திலெல்லாம் ரயிலும் வளைகிறது, நடுநடுவே குகைப்பாதை. லகாட்னிக்கில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது, பையன்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். லூட்டிப்ரோட் பக்கம் இன்னும் விசேஷம். கடலடியில் கிடையாகப் படிந்த அடுக்குகள் மலை மடிந்தபோது நிமிர்ந்துவிட்டன. இடையிலிருந்த மெத்தென்ற அடுக்குகள் கரைந்துபோக, கெட்டிப் பாறை மட்டும் மதில் மதிலாக மிஞ்சியிருக்கிறது. உன் பழைய வகுப்பையே கூட்டி வந்து காட்டலாம்.

மலை தாண்டியதும் சமவெளி, பிறகு டான்யூப். 368 கிலோமீட்டர் ஓட்டம் அங்கே முடிகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கீகென் கிராமம். அங்கேதான் உல்பியா ஒஸ்கஸ் என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள். டான்யூபின் குறுக்கே அக்கரைக்குப் பெரிய பாலம் ஒன்றை கான்ஸ்டன்டைன் பேரரசர் கி.பி. 328-இல் திறந்தார்.

இனி தண்ணீர்க் கதை. சோபியாவுக்கு மேலே 1950-களில் இஸ்கரை மறித்து நாட்டிலேயே பெரிய அணையைக் கட்டினார்கள். காலத்துக்கு ஏற்றபடி முதலில் ஸ்டாலின் பெயரை வைத்தார்கள், பிறகு மாற்றிவிட்டார்கள். தலைநகரம் குடிப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான். 1994-95 குளிர்காலத்தில் அணை வற்றி, சோபியாவில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். ரிலாவின் இன்னொரு பக்கத்திலிருந்து தண்ணீரைத் திருப்ப அரசு முனைந்தபோது சபரேவா பான்யா ஊர்க்காரர்கள் வழிமறிக்க, போலீஸ் வந்து இறங்கியது. மேல்மடை கீழ்மடைச் சண்டை நமக்குப் புதிதா என்ன! எனக்கென்னவோ அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. மகனோ, தலைநகரத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள் இப்படிப் பேசலாமா என்கிறான்.

அவனுக்கு லீவு கிடைத்தால் கீகென் போவதாக இருக்கிறோம். முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ? டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தா