முகவரியைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று இதழ்களாகப் பார்க்கிறேன். வாசகர் கடிதப் பகுதியின் அடியில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கின்றன. அஞ்சல் முகவரியைக் காணோம். இதைப் பழைய இதழில் இருந்த முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். வந்து சேர்ந்தால் சரி.

நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். போனில் 31 வாட்ஸ்அப் குரூப்கள். டையிங்கில் கலர் மாறிவிட்டது, பட்டன் வரவில்லை, சாம்பிள் எங்கே என்று பையர் கேட்கிறார். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் அடுத்ததற்குப் போய்விடும். ஒருநாள் மகள் பள்ளிக்கூடக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். “சரி, விஷயத்துக்கு வா” என்றேன். அவளுக்கு எட்டு வயது.

அதற்கப்புறம்தான் நாட்குறிப்பு. ராத்திரி சாப்பிட்டதும் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, அவளுடைய பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாளில் ஒரு பக்கம் எழுதுகிறேன். மைப் பேனாதான். பால்பாயின்ட் என்றால் கை பறக்கிறது. மையில் எழுதினால் வரி காய்கிறவரை கையை அதன்மேல் வைக்க முடியாது, கொஞ்சம் சும்மா இருந்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம். மருந்து என்றெல்லாம் சொல்ல மாட்டேன். விடிந்தால் 31 குரூப்பும் அப்படியேதான் இருக்கும்.

முந்தாநாள் எழுதியது முழுக்க எதிர்வீட்டுப் பாட்டி தலையணைக்குத் துணி அடைத்துக்கொண்டிருந்ததைப் பற்றி. காலையில் வண்டியில் போகும்போது பார்த்ததுதான். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அது கட்டிங் வேஸ்ட், பனியனுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி. பையர் மூன்று தடவை திருப்பி அனுப்பினாரே, அதே பச்சை.

“உனக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) வேலை, சொந்த வியாபாரம், நடுவில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை வேறு. அவரைவிட நான் பிஸி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அஞ்சலட்டை இன்னும் 50 பைசாதான். அந்தக் காசை டீக்கடையில் வாங்கக்கூட மாட்டார்கள். மின்னஞ்சல் என்றால் இதை இரண்டே நிமிடத்தில் தட்டி, உங்களை நன்றாகத் திட்டியும் அனுப்பியிருப்பேன். கையால் எழுதியதில் அந்த இரண்டு வரிகளை நானே அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், மன்னிக்கவும். அடுத்த இதழில் முகவரியைச் சின்ன எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்.