கலங்கல் என்று கொட்டுமுன்

அன்புள்ள கயல்,

செல் வளர்க்கும் ஃபிளாஸ்க் கலங்கிவிட்டது, கண்டாமினேஷன் (வேண்டாத கிருமி புகுந்துவிட்டது) என்று பிளீச்சில் கொட்டிவிட்டேன் என்று நேற்று சொன்னாயே. ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாயா? நீ வளர்க்கும் செல்களுக்குள் இருக்கிறதே, மனிதருக்குப் புற்று வரக் காரணமாகும் எப்ஸ்டைன்-பார் வைரஸ், அதுவே இப்படி ஒரு கலங்கலில் இருந்துதான் வெளியே வந்தது.

1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், உகாண்டாவின் கம்பாலாவில் வேலை செய்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் கட்டியைப் பற்றிப் பேசினார். வெப்பமும் மழையும் உள்ள பகுதிகளில்தான் அந்தக் கட்டி அதிகம். ஆண்டனி எப்ஸ்டைன் கேட்டுக்கொண்டிருந்தார். கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரவுஸ் வைரஸில் வேலை செய்தவர் அவர். வானிலையை ஒட்டிப் பரவுகிறது என்றால் பின்னால் கிருமி இருக்க வேண்டும் என்று அப்போதே பொறி தட்டிவிட்டது.

கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வந்தபடி இருந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. கோழிக்கருவில் போட்டார்கள், எலிக்குட்டிக்கு ஊசி போட்டார்கள், துண்டை நேராக எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பிலும் வைத்தார்கள். உடம்பிலுள்ள கட்டியில் இந்த வைரஸ் செல்லுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும், முழுத் துகள் ஆகாது. செல்லை வெளியே எடுத்து வளர்த்தால் சிலவற்றில் தலைகாட்டும். ஆனால் இந்தக் கட்டி உருவாகும் மனித லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) செல்லை அதுவரை யாரும் தொடர்ந்து வளர்த்ததில்லை.

1963 டிசம்பர் 5. லண்டனில் மூடுபனி, விமானம் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. பார்சல் கைக்கு வரும்போது சாயங்காலம். துண்டைச் சுற்றியிருந்த திரவம் கலங்கியிருந்தது, பாக்டீரியாதான் என்று தோன்றியது. தூக்கிப் போடுமுன் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்தார். பாக்டீரியா இல்லை. வழியில் குலுங்கியதில் வெட்டுவாயிலிருந்து உதிர்ந்த புற்றுச் செல்கள், உயிரோடு மிதந்தன. எலியின் லிம்போமா (லிம்போசைட் புற்று) செல்கள் மிதந்தபடி வளர்வது நினைவுக்கு வர, இவற்றையும் அப்படியே விட்டார். வளர்ந்தன. உடன் உழைத்தவர்கள் இவான் பார், பெர்ட் அச்சோங். (இவான் அம்மையார், பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிடாதே.)

1964 பிப்ரவரி 24 அன்று அந்தச் செல்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, கிரிட்டின் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தகடு) முதல் கட்டத்திலேயே வைரஸ் தெரிந்தது. கதிரில் செல் கருகிவிடுமோ என்ற பயத்தில் கருவியை அணைத்துவிட்டு, கோட் கூடப் போடாமல் பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மறுபடி பார்த்தாராம். பார்வைக்கு ஹெர்பிஸ் எனும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. புதிய வைரஸ் என்று நிறுவியவர்கள் பிலடெல்பியாவின் ஹென்லே தம்பதி. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் அந்தக் கட்டிக்கு வைரஸ் மட்டும் போதாது, மலேரியாவும், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் (MYC) ஜீன் குரோமோசோமில் இடம்மாறுவதும் சேர வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது.

உன் செல்களும் கொத்துக் கொத்தாக வளர்பவை. ஃபிளாஸ்க்கை அசைத்தாலே கலங்கும். அடர்த்தி ஏறினால் லாக்டிக் அமிலத்தால் மீடியமும் (செல் வளரும் திரவம்) மஞ்சளாகும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதே. ஒரு சொட்டோடு 0.4 சதவீத டிரைபான் புளூவை (இறந்த செல்லில் மட்டும் ஏறும் நீலச் சாயம்) சம அளவு கலந்து, கவர்ஸ்லிப் மூடி, மைக்ரோஸ்கோப்பில் 10எக்ஸ் லென்ஸில் தொடங்கி 40எக்ஸுக்குப் போ. பெரிதாக, உருண்டையாக, சாயம் ஏறாமல் பளபளத்தால் உயிருள்ள செல். அதைவிட மிகச் சிறியதாக எங்கும் துறுதுறுவென்று துடித்தால் பாக்டீரியா, அப்போது கொட்டு. மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத மிகச் சிறு பாக்டீரியா) புகுந்தால் மட்டும் கலங்கவே கலங்காது, தெளிவாக இருக்கும் ஃபிளாஸ்க்குக்கும் மாதம் ஒருமுறை பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் சோதனை) போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா