ஓடாமல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வைத்திருப்பவர்களுக்கு

நண்பர்களே, வணக்கம். பல வருடம் நின்ற வண்டியை வந்த அன்றே உதைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். போன வாரம் பிரித்த 1989 மாடலில் கிராங்க் ஆயில் சீல் (எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டின் முனைகளில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) இரண்டும் அப்பளம்போல் காய்ந்திருந்தன; விரல் பட்டதுமே விளிம்பு உதிர்ந்தது. அந்த வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவுதான்.

எஞ்சினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறது என்று உறுதியாகும்வரை, லிட்டருக்கு 30 மில்லி டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2T ஆயில்) பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். புகை கூடும், பரவாயில்லை.

1996-லேயே உற்பத்தி நின்ற வண்டி இது. அதனால் ஒரிஜினல் சைலன்சரைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பெயின்ட் அடிக்கும்போது சேஸ் நம்பர் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஞாயிறு காலை 7 மணிக்குப் புது சீல் போடுகிறோம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வாருங்கள்.