என் தாத்தா கங்காணி: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களில் இருவருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள் என்பதால் இந்த மடலில் கொஞ்சம் அதட்டல் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நம் முன்னோர், நம் பெருமை" என்று ஜார்ஜ் டவுனில் நீங்கள் நடத்தவிருக்கும் கண்காட்சிக்குப் பழைய குடும்பப் படங்கள் கேட்டிருந்தீர்கள். நானும் ஒன்று அனுப்பினேன். என் தாத்தாவின் படம். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. அதன் கீழே மாட்டுவதற்கு 12 வரியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். போன வாரம் செயலாளர் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், படம் அருமை. குறிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? 'தோட்டத்துச் சமூகத் தலைவர்' என்று ஒரே வரி போதும்" என்றார். முடியாது என்றேன். இரண்டு நாளில் படம் உறையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில், ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கங்காணி; கூலி ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர். 1920-களில் மூன்று முறை ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைபட்டுக் கிடந்து, பிறகு தோட்டம் வந்து சேர்ந்தவர்கள். சொந்த அத்தை மகன்களும் அதில் உண்டு. அவர்கள் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நின்று வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும், ஆள் ஒன்றுக்குச் சில காசு தாத்தாவின் கணக்கில் விழும். தலைக்காசு என்பார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அந்தக் காசு போய்விடும். அதனால் காய்ச்சல்காரர் குடியிருக்கும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அந்தப் பிரம்பு போய் நிற்கும். கப்பல் செலவு, கல்யாணச் செலவு, இழவுச் செலவு எல்லாவற்றுக்கும் அவரிடமே கடன். கடன் புத்தகம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் வெகுகாலம் இருந்தது. பக்கம் பக்கமாக இடது பெருவிரல் ரேகைகள்.

பிறகு ஜப்பான்காரன் காலம். சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்குத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது, பெயர் எழுதிக் கொடுக்கும் வேலை கிராணிக்கும் (தோட்டத்து எழுத்தருக்கும்) கங்காணிக்கும் வந்தது. தாத்தா முதலில் ஒண்டிக்கட்டைகளை எழுதினார். அடுத்து, தன்னை எதிர்த்துப் பேசியவர்களை எழுதினார். 14 பேர் போனார்கள். திரும்பி வந்தது மூன்று பேர். இதை அப்பா என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை, சாவதற்கு ஆறு மாதம் முன்பு, சுவரைப் பார்த்துக்கொண்டே.

அதே தாத்தாதான் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுத் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். போருக்குப் பிறகு திரும்பாத சிலரின் வீடுகளுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். பரிகாரமா பயமா, எனக்குத் தெரியாது. அதையும் குறிப்பில் எழுதியிருந்தேன். உங்களுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் பிடித்திருக்கிறது.

சரி, என் வீட்டுக் கதை போகட்டும். உங்கள் நுழைவாயிலுக்கு வருகிறேன். அங்கே 20 அடி உயரத்தில் இராசேந்திர சோழன் படமும், "கடாரம் வென்ற பரம்பரை நாம்" என்ற வாசகமும் வைக்கப் போவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். கடாரத்தின் மீது, அதாவது இன்றைய கெடாவின் மீது, 1025-இல் நடந்த படையெடுப்பு பொய்யல்ல. அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியதை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகப் பாடுகிறது: சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற மன்னனைப் பிடித்தது, யானைகளைக் கவர்ந்தது, பொருட்குவியலை அள்ளியது, வித்தியாதர தோரணம் என்ற வாசல் வளைவைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஒரு ஊரின் வாயிற்கதவு வரை கழற்றிக்கொண்டு போனதற்கு அரசாங்க மொழியில் வெற்றி என்று பெயர். வாசலை இழந்தவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. அந்தப் போருக்கு 20 ஆண்டுகள் முன்புதான் அதே கடாரத்து மன்னர் குலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியது. ஆனைமங்கலம் ஊரின் வருவாயை அந்தப் பௌத்தப் பள்ளிக்கு இராசராசன் எழுதிக் கொடுத்தான். அப்பன் போன பிறகு அதைச் செப்பேட்டில் உறுதி செய்தவன் இந்த இராசேந்திரனேதான். கொடுத்த கையும் கொள்ளையடித்த கையும் ஒன்று. நம் பதாகையில் ஒரு கைதான் தெரிகிறது.

என் பேரன் கெடாவில், சுங்கை பட்டாணியில் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். வரலாற்றுப் பாடத்தில் சோழர் படையெடுப்பு வந்தபோது, "அது எங்கள் ஆட்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறான். பக்கத்து இருக்கை மலாய்ப் பையன் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் எங்களைக் கொள்ளையடித்தது நீதானா? எப்போது திருப்பித் தருவாய்?" என்று கேட்டானாம். இரண்டும் பிள்ளைகள், விளையாட்டாகப் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. வென்றது "நாம்" என்றால் கொள்ளையடித்ததும் நாமே. பாதியை மட்டும் வாரிசுரிமையாகக் கேட்க முடியாது.

உங்களுக்கு அந்தப் பதாகை ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. யாராவது ஒரு அரசியல்வாதி ஏதாவது ஒரு மேடையில் நம்மை வந்தேறி என்று சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆயிரம் ஆண்டு முன்பே இங்கே எங்கள் கொடி பறந்தது என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியிருக்கிறது. வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வந்தேறி என்று ஏசுகிறவனுக்கு, "இல்லை, நாங்கள் படையெடுத்து வந்தவர்கள்" என்பதா பதில்? அந்தக் கப்பற்படை கவர்ந்ததைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. இந்த மண்ணில் ஒரு மரம் நட்டதாகக்கூட மெய்க்கீர்த்தியில் இல்லை. கெடாவில் குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், வணிகரும் கைவினைஞரும் உள்ளூர் மக்களும் நூற்றாண்டுக் கணக்கில் கலந்து புழங்கிய தடங்கள் கிடக்கின்றன. அங்குள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியின் (சண்டி என்பது பழங்காலக் கோயில்) கல்மேடையில் வாள் இல்லை. 2013-இல் அங்கே ஒரு பழைய சண்டியை வீடமைப்புக்காக இடித்தார்களே, அன்று நாம் போட்ட கூச்சல் நியாயமானது. ஏன் 20 அடிப் படத்துக்கு அந்தக் கல்மேடை உங்கள் கண்ணில் படவில்லை?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கப்பலில் நம் பாட்டன்மார் இருந்தார்கள் என்று யார் சொன்னது? இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தாத்தா கட்டிக்கொண்டு வந்த ஆட்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட சேரிகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்திலும் அவர்களுக்குத் தனி லயம், குழாயில் தனி நேரம். அவர்களின் பேரப்பிள்ளைகளை நிற்க வைத்து, "நீ சோழப் பரம்பரை" என்று சொல்கிறோம். சோழன் அவர்களை எந்த வரிசையில் நிறுத்தியிருந்தான் என்று சொல்வதில்லை.

உங்கள் இரண்டாவது பதாகை, "பினாங்கின் சாலைகளை அமைத்தவர்கள் நாம்" என்பது. உண்மைதான். ஆனால் அந்தச் சாலைகளில் பலவற்றைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1818-இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 1802-இல் பாளையக்காரர் போருக்குப் பிறகு சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் மற்றவர்களும் இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். திருடியவன், கொலை செய்தவன், பஞ்சத்தில் நெல் மூட்டையைத் தூக்கியவன் ஆகியோரும் அதே மாதிரிக் கப்பல்களில், அதே மாதிரி விலங்கோடு வந்தார்கள். அவர்களும் கல் உடைத்தார்கள். "என் கொள்ளுப்பாட்டன் திருட்டுக் கைதி" என்று ஒரு குடும்பமாவது படம் கொடுத்திருக்கிறதா? கொடுத்தால் அதையும் திருப்பி அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

செயலாளர் தம்பி என்னிடம் கேட்டார்: "உங்கள் தாத்தா செய்ததற்கு நீங்கள் ஏன் டீச்சர் குற்ற உணர்ச்சியோடு இருக்கவேண்டும்?" நல்ல கேள்வி. அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. அந்தப் பிரம்பை நான் தூக்கவில்லை, அந்தப் பெயர்ப் பட்டியலை நான் எழுதவில்லை. அவர் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. எனக்குத் தெரிந்தவர் மடியில் உட்கார வைத்துப் பனங்கற்கண்டு கொடுத்த தாத்தா. ஆனால் தலைக்காசில் புக்கிட் மெர்தாஜாமில் நிலம் வாங்கினார். அந்த நிலம் அப்பாவை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியது, என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பியது. தாத்தாவின் தோட்டத்து லயத்தில், நான் பிறந்த அதே ஆண்டு பிறந்த ஒரு பெண் பன்னிரண்டு வயதில் ரப்பர் பால் எடுக்கப் போனாள். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது அவள் பிள்ளைகள் லயத்தைக் காலி செய்துவிட்டு மலிவு அடுக்குமாடிக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி என் மாணவி. ஆஸ்தியை எழுதி வாங்கிக்கொண்டு, கடன் பத்திரத்தை மட்டும் "அது தாத்தா காலத்துச் சமாசாரம்" என்று தள்ளிவிட முடியுமா? ஊரில் எந்த வழக்கிலும் அது செல்லாது.

பெருமையும் அப்படித்தான். அவர் கட்டிய பள்ளிக்கூடத்துக்காக நான் நெஞ்சை நிமிர்த்த நான் என்ன செங்கல் சுமந்தேன்?

வெள்ளைக்காரத் துரைகளை விட்டுவிட்டு நம் ஆளையே குறை சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். விடச் சொல்லவில்லை. தோட்டம் துரையுடையது, லாபம் லண்டனுக்குப் போனது, கங்காணி முறையைக் கட்டி வளர்த்தது அவர்கள் வசதிக்காக. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்திய பிறகும், 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அந்த இயந்திரம் ஓடியது. அதை எத்தனை பெரிய பதாகையில் வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் அந்த இயந்திரம் தமிழ் பேசித்தான் ஆள் பிடித்தது. மாமா, மச்சான் என்று உறவு சொல்லித்தான் கப்பலேற்றியது.

ஜப்பானிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள்; பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1967-இல் ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, அதுவும் கப்பல்களாகக் கொடுத்து, கணக்கை முடித்துக்கொண்டது. செத்தவர்களின் குடும்பங்கள் இன்னும் முறையிடுகின்றன. இன்று தோக்கியோவில் பிறக்கும் குழந்தை குற்றவாளி என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. அந்தக் குழந்தை படிக்கும் பாடப்புத்தகத்தில் இது இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம். அவர்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லச் சொல்லும் நாம், பட்டியல் எழுதியவர் யார் என்பதை நம் பிள்ளைகளிடம் மறைத்தால் அந்த முறையீட்டில் என்ன உயிர் இருக்கும்?

கடைசியாக ஒரு சின்னக் காரியம். நீங்கள் திருப்பி அனுப்பிய உறைக்குள், கண்காட்சிக்காகத் துடைத்துத் தெளிவாக்கிய மாதிரிப் படமும் ஒன்று இருந்தது. வேலை நன்றாகச் செய்திருக்கிறார்கள். பிரம்பின் பூண்கூடப் பளபளக்கிறது. ஆனால் மூலப் படத்தில் இடது ஓரத்தில், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போன நிலையில், பால்வாளியோடு ஒரு அம்மாள் நிற்கிறார். முக்காட்டுத் துணி, வெறுங்கால், கண் கூசிப் பார்க்கும் பார்வை. யார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. உங்கள் மாதிரியில் அவரை வெட்டியிருக்கிறீர்கள்.

மூலப் படத்தை அந்த அம்மாளோடும் 12 வரிக் குறிப்போடும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே மண்டபத்துக்கு எடுத்து வருகிறேன். இடம் போதாது என்றால் இராசேந்திரனை 18 அடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்த முதியவர்கள் யாராவது வந்தால் அந்தப் படத்தின் முன் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அந்த அம்மாளை யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை